வெண்டி கண்ணுல பந்து படட்டும்னு டிப்பர் ஏன் விட்டான்

டைம் டிராவல் கதைன்னா போரை நிறுத்தணும், செத்தவங்களைக் காப்பாத்தணும், உலகம் அழியறதைத் தடுக்கணும்னு ஏதாவது பெருசா ஒரு காரணம் இருக்கும். ஆனா "கிராவிட்டி ஃபால்ஸ்" கார்ட்டூன்ல முதல் சீசன் ஒன்பதாவது எபிசோடுல 12 வயசுப் பையன் ஒருத்தன் டைம் மெஷினைத் திருடுறதே ஒரு பந்தை ஒழுங்கா எறியறதுக்காகத்தான். 2012 ஆகஸ்ட் 24-ம் தேதி வந்த எபிசோடு அது, பேரு "தி டைம் டிராவலர்ஸ் பிக்", அதாவது காலப்பயணியோட பன்னி. இருபத்திரண்டு நிமிஷம்தான். அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி சண்டைய வச்சு கார்ட்டூன்ல எத்தனையோ கதை வந்துருக்கு, ஆனா இந்த ஒரு எபிசோடு எழுத்து விஷயத்துல என்னென்ன பண்ணிருக்குன்னு பிரிச்சுப் பார்த்தா டைம் டிராவல்ங்கற சமாச்சாரமே எதுக்குக் கதைக்குள்ள வருதுன்னு புரியும், அதைத்தான் இங்க எழுதலாம்னு பார்க்குறேன்.

கதை தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். டிப்பரும் மேபலும் ரெட்டைப் பிள்ளைங்க. கலிஃபோர்னியாவுல பீட்மாண்டுங்கற ஊர்லேர்ந்து கோடை லீவுக்கு ஆரிகன் காட்டுக்குள்ள இருக்குற கிராவிட்டி ஃபால்ஸ்ல ஸ்டான் தாத்தா வீட்டுக்கு வந்து தங்கியிருக்காங்க. தாத்தா அங்க டூரிஸ்டுங்களை ஏமாத்திக் காசு பார்க்குற ஒரு கடை நடத்துறாரு. இந்த எபிசோடுல அவரு ஒரு பொருட்காட்சி போடுறாரு. டிப்பருக்கு அந்தக் கடையில கேஷியரா வேலை செய்யற 15 வயசு வெண்டி மேல ஒரு இது. அவளைக் கூட்டிக்கிட்டுப் பொருட்காட்சிய சுத்துறான், பந்து எறிஞ்சு பாட்டிலைத் தள்ளுற கடைக்கு வர்றாங்க, அவளுக்கு அங்க இருக்குற பொம்மை வேணும்னு இவன் எறிய, பந்து எங்கயோ பட்டுத் திரும்பி வந்து அவ கண்ணுலயே அடிச்சிருது. இவன் ஐஸ் எடுக்க ஓடி அலைஞ்சு திரும்பறதுக்குள்ள ராபிங்கற பெரிய பையன் ஐஸோட வந்து ஒத்தடம் குடுத்து, அப்படியே பேசி அவளைத் தன்னோட கூட்டிட்டுப் போயிடறான்.

அதே நேரத்துல அதே பொருட்காட்சியில இன்னொரு பக்கம் மேபல் ஒரு பன்னிக்குட்டியோட எடையைச் சரியா சொல்லி அதையே பரிசா ஜெயிச்சிடறா. கடைக்காரரு பன்னியக் கூப்பிடறப்பவே அது எத்தனை பவுண்டுன்னு வாய்தவறி உளறிடுறாரு, இவ அதையே திருப்பிச் சொல்றா, அவரு அசந்து போய் நிக்கிறாரு. வேடல்ஸ்னு அதுக்குப் பேரு. மேபலுக்கு அன்னைக்கு வாழ்க்கையிலேயே பெரிய நாள்.

இப்ப இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. டிவி தொடர் எழுதுறவங்க மெயின் கதை ஒண்ணு, பக்கக்கதை ஒண்ணுன்னு பிரிச்சு வச்சுப்பாங்க. மெயின் கதை ஒருத்தருக்கு, பக்கக்கதை இன்னொருத்தருக்கு, ரெண்டும் தனித்தனித் தண்டவாளத்துல ஓடும், கடைசியில ஏதோ ஒரு இடத்துல தொட்டுக்கும், பக்கக்கதை பொதுவா சிரிப்புக்குத்தான். இந்த எபிசோடும் மொத அஞ்சாறு நிமிஷம் அப்படித்தான் ஓடுது, பையனோட காதல் மெயினு, பொண்ணோட பன்னி காமெடி, பார்க்குற நாமளும் அப்படியே நம்பிடறோம். அப்புறம் டைம் மெஷின் வருது. மெயின் கதையில நடந்த தப்பை டிப்பர் சரிபண்ணினா பக்கக்கதையே இல்லாமப் போயிடும்னு ஆகுது. பார்த்துச் சிரிச்சிட்டு இருந்த காமெடி டிராக்கு திடீர்னு ஒருத்தியோட உசுராயிடுது. எனக்குத் தெரிஞ்சு அக்கா தம்பி உறவுல இருக்குற ஒரு நிஜத்தை இவ்ளோ சுருக்கமாச் சொன்ன அமைப்பு வேற இல்ல, ஏன்னா வீட்டுல கூடப் பொறந்தவங்க விஷயத்துல நாம பண்றதே இதுதானே, நம்ம கதை மெயினு, அவங்க கதை காமெடி.

அந்த மெஷினைப் பத்திச் சொல்லியே ஆகணும். பெரிய காரு இல்ல, கண்ணாடி பொருத்தின இயந்திரம் இல்ல, ஆசாரிங்க இடுப்புல செருகி வச்சிருப்பாங்களே அளக்கற டேப்பு, அது மாதிரி ஒண்ணு. இழுக்கணும், விடணும், சர்ருன்னு உள்ள சுருண்டு போறப்ப ஆளு அந்த நேரத்துக்குப் போயிடுவாங்க. இதுல என்ன விசேஷம்னா சின்னப் பிள்ளைங்க கையில அடங்குற பொருள், ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கக்கூடிய பொருள். டிவி ரிமோட்டுக்கு நடக்குற சண்டை எப்படி இருக்கும், அதே உருவத்துல இந்தச் சண்டையையும் காட்டிட முடியுது. பின்னாடி ரெண்டு பேரும் டேப்பைப் பிடுங்கிக்கிட்டே டைனோசர் காலம், மாட்டு வண்டி கட்டிக் குடியேறிட்டு இருந்த 19-ம் நூற்றாண்டு, எல்லாம் இடிஞ்சு கெடக்குற எதிர்காலம்னு உருண்டு உருண்டு விழறப்ப அதைத் தனியா விளக்கவே வேணாம், வீட்டு ஹால்ல சோஃபா மேல ஏறிக் குதிச்சுச் சண்டை போட்ட எல்லாருக்கும் அது என்னன்னு தெரியும், பின்னாடி இருக்குற சுவர் மட்டும்தான் மாறிக்கிட்டே இருக்கு.

டேப்பு இவனுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னா, பிளெண்டின் பிளாண்டின்னு ஒரு எதிர்காலத்து ஊழியர், காலத்துல குளறுபடி நடக்கப் போகுதுன்னு தகவல் வந்து அதைச் சரிபண்ண அனுப்பியிருக்காங்க, பாவம் மனுஷன் தேடித் தேடி ஒரு குளறுபடியும் கிடைக்கல, அலுத்துப்போய் ராட்டினம் ஆடப் போற நேரத்துல டிப்பர் டேப்பை எடுத்துக்கறான். அப்புறம் பிள்ளைங்க பண்ற கலாட்டாதான் அவரு தேடி வந்த குளறுபடியே. அவரு வராம இருந்திருந்தா அது நடந்திருக்கவே நடந்திருக்காது. போனதாலதான் நடந்துச்சு, நடந்ததாலதான் போனாருன்னு வட்டமா சுத்தும், பழைய காலப்பயண உத்திதான், ஆனா இந்த டீம் ஒரு வேலை பண்ணிருக்காங்க, இதுக்கு முன்னாடி வந்த எபிசோடுங்கள்லயே பிளெண்டினைப் பின்னணியில ஓரமா ஒளிச்சு வரைஞ்சு வச்சிருக்காங்க, அப்ப அவரு யாருன்னே யாருக்கும் தெரியாது. பல வாரம் முன்னாடியே யோசிச்சு வச்ச விஷயம் அது. திரும்பப் போய்ப் பார்த்து அவரைக் கண்டுபிடிக்கறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, பார்க்குற பிள்ளையே ஒரு சின்ன டைம் டிராவல் பண்ணிட்டு வந்த மாதிரி.

லாஜிக்னு உட்கார்ந்தா இங்க ஒரு முடிச்சு அவிழாது, அதையும் சொல்லிடணும். பிளெண்டின் விஷயத்துல காலம் மாறாது, எல்லாம் முன்னமே எழுதி வச்சதுதான். பந்து விஷயத்துல காலம் மாறும், மாத்தினா பன்னி வேற ஆளுக்குப் போயிடும். ரெண்டு விதியும் ஒரே கதைக்குள்ள ஒண்ணா இருக்க முடியாதுன்னு வாதாடலாம், சரிதான். ஆனா எழுதினவங்களுக்கு எந்த இடத்துல எது தேவைன்னு தெளிவாத் தெரிஞ்சிருக்கு, சிரிப்புக்கு வட்டம், வலிக்கு மாற்றம். எனக்கு அது குறையாத் தோணல.

இனி எபிசோடோட முதுகெலும்பு. டிப்பர் திரும்பத் திரும்பப் பின்னாடி போறான். ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி எறியறான், கணக்கெல்லாம் போட்டுப் பார்க்குறான், எப்படி எறிஞ்சாலும் பந்து சுத்திட்டு வந்து வெண்டி கண்ணுலயே முடியுது. இந்த "மறுபடியும் மறுபடியும்" உத்தியை எல்லாக் கதையிலயும் பாத்திருப்போம், பொதுவா அதுல ஹீரோ கொஞ்சம் கொஞ்சமாக் கத்துக்கிட்டுக் கடைசியில ஜெயிப்பான், நாமளும் கைதட்டுவோம். இங்கயும் ஜெயிக்கிறான், ஆனா தனியா இல்ல, மேபல் சரியான இடத்துல நின்னு குறுக்க உதவி பண்ணதாலதான் பந்து திசை மாறுது. தம்பிக்காகன்னு அந்த நேரத்துல அங்க நின்னதாலதான் அவ பன்னிக் கடைக்குப் போக லேட்டாயிடுது, அதுக்குள்ள பசிஃபிகாங்கற பணக்காரப் பொண்ணு, மேபலுக்கு ஆகவே ஆகாதவ, வேடல்ஸை ஜெயிச்சுட்டுப் போயிடறா. உதவி பண்ணினவளுக்குத்தான் நஷ்டம். இதை வசனத்துல எங்கயும் அழுத்திச் சொல்லாம நிகழ்ச்சியாவே வச்சிருக்காங்க பாருங்க, அதுதான் நல்ல எழுத்து.

மேபல் திரும்பப் போலாம்னு கெஞ்சுறா. டிப்பர் மாட்டேங்கறான். இந்த இடத்துலதான் கதை வேற எங்கயோ போகுது.

சாதாரண வாழ்க்கையில கூடப் பொறந்தவங்களைக் காயப்படுத்துறப்ப நமக்கு எப்பவும் ஒரு சாக்கு இருக்கும். தெரியாம பண்ணிட்டேன், இப்படி ஆகும்னு நினைக்கல, நீ அங்க இருந்ததே எனக்குத் தெரியாது. பாதி வீட்டுல சமாதானமே அந்தச் சாக்குலதான் ஓடுது, அம்மாவும் "அவன் வேணும்னேவா பண்ணான், விடும்மா"ன்னு முடிச்சு வச்சிடுவாங்க. டேப்பு கையில வந்த நிமிஷத்துலேர்ந்து டிப்பருக்கு அந்தச் சாக்கு போச்சு. எது பண்ணா என்ன ஆகும்னு எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்துட்டான். இவ சந்தோஷமா இருந்தா அவனுக்கு வெண்டி இல்ல, வெண்டி இருந்தா இவளுக்குப் பன்னி இல்ல, நடுவுல மூணாவது வழி எதுவும் கிடையாதுன்னு அவனே நிரூபிச்சுட்டான். இனிமே அவன் எது பண்ணாலும் தெரிஞ்சு பண்றதுதான். டைம் மெஷின் இந்தக் கதைக்குள்ள வந்த வேலையே இதுதான்னு நான் நினைக்கிறேன், நடந்ததை மாத்துறதுக்கு வரல, "தெரியாம"ங்கற வார்த்தையை அவன் வாயிலேர்ந்து பிடுங்கறதுக்கு வந்திருக்கு.

அப்பவும் அவனுக்குன்னு கடைசியா ஒரு சமாதானம் வச்சிருக்கான், அவ நாளைக்கு மறந்துடுவா. நாம எல்லாரும் சொல்றது. சின்னப் பிள்ளை, வேற பொம்மை வாங்கிக் குடுத்தா மறந்துடும். மேபல் போய் அங்க நிக்கிற மரக்கம்பத்துல, முகமெல்லாம் செதுக்கின டோட்டம் கம்பம், அதுல தலையை முட்டிக்கிட்டு நிக்கிறா. டொக், டொக், டொக். டிப்பர் சரி பார்ப்போம்னு டேப்பை இழுத்து முன்னாடி போறான். மறுநாள், அங்கயேதான். இன்னும் முன்னாடி. ஒரு மாசம் கழிச்சும் அதே கம்பம், அதே முட்டல். கார்ட்டூன்ங்கறதால சிரிக்கற மாதிரிதான் வரைஞ்சிருக்காங்க, ஆனா நான் இதை என் அக்கா பசங்க ரெண்டு பேரோட உட்கார்ந்து பார்த்தேன், அதுவரைக்கும் முறுக்கு டப்பாவுக்கு அடிச்சுக்கிட்டு இருந்தவங்க அந்த டொக் டொக் வந்தப்ப ரெண்டு பேரும் கையெடுத்துட்டாங்க. பெரியவன் மெதுவா டப்பாவைத் தங்கச்சி பக்கம் தள்ளினான். அவகிட்ட ஒண்ணும் சொல்லல.

கவனிச்சீங்கன்னா இதுவும் டைம் டிராவல் உத்திதான், "மோசமான எதிர்காலத்தைப் போய்ப் பார்த்துட்டு வர்றது". பொதுவா அந்த எதிர்காலத்துல ஊரே எரிஞ்சு கெடக்கும், கொடுங்கோலன் ஆளுவான். "ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்" கார்ட்டூன்ல 2009-ல வந்த "குவாண்டம் பூகலூ" எபிசோடு அப்படித்தான் பண்ணுச்சு. அங்க அக்கா கேண்டஸ், பெரியவளாகி கல்யாணம் ஆகிப் பிள்ளைகுட்டியெல்லாம் பெத்த பிறகும் தம்பிங்களை அம்மாகிட்ட மாட்டிவிட முடியலயேங்கற ஆதங்கம் தீராம, காலத்துல பின்னாடி வந்து அவங்க ரோலர் கோஸ்டர் கட்டின அன்னைக்கே மாட்டிவிட்டுடறா. ஜெயிச்சுட்டா. திரும்பிப் போய்ப் பார்த்தா ஊரே டூஃபன்ஷ்மிர்ட்ஸ்ங்கற வில்லன் கையில, எதிர்காலம் மொத்தமும் நாசம். அப்புறம் தான் பண்ணதைத் தானே தடுக்க அலையறா. எனக்கு அந்த எபிசோடு ரொம்பப் பிடிக்கும், இருபது வருஷம் கழிச்சும் சின்ன வயசுக் கோவம் ஒருத்தி மனசுல அப்படியே கெடக்கும்ங்கறதைக் குழந்தைங்களுக்கான கதையில வச்சது சாதாரண விஷயம் இல்ல. ஆனா அங்க கேண்டஸ் மனசு மாறுறதுக்கு ஊரே அழிய வேண்டியிருக்கு. இங்க ஊருக்கு ஒண்ணும் ஆகல. ஒரே ஒரு பொண்ணு ஒரு கம்பத்துக்கிட்ட நிக்கிறா, அவ்ளோதான் மோசமான எதிர்காலம், டிப்பருக்கு அது போதுமா இருந்துச்சு.

அப்புறம் அவன் டேப்பை இழுத்துப் பின்னாடி போறான், பழைய இடம், பழைய பந்து, வெண்டி பக்கத்துல நிக்கிறா. எல்லாம் முதல்ல நடந்த மாதிரியே நடக்க விடறான். பந்து கண்ணுல படுது. ராபி ஐஸோட வர்றான். வெளியிலேர்ந்து பார்க்குறவங்களுக்கு முதல் தடவைக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது, காட்சி அதேதான். முதல்ல நடந்தது விபத்து, இப்ப நடக்குறது அவன் குடுக்குறது.

இந்தக் கதை வெறும் டேபிள்ல உட்கார்ந்து யோசிச்சதா இருக்காதுன்னு பார்க்குறப்பவே தோணும், அதுக்குக் காரணமும் இருக்கு. தொடரை உருவாக்கின அலெக்ஸ் ஹிர்ஷ் அவரே ரெட்டையில ஒருத்தர், கூடப் பொறந்தவங்க பேரு ஏரியல், பீட்மாண்ட்லதான் வளர்ந்தாங்க, மேபலை அவங்களை வச்சுத்தான் எழுதினேன்னு அவரே சொல்லியிருக்காரு. சின்ன வயசுல பன்னி வளர்க்கணும்னு ஆசைப்பட்டதும் அவங்கதான். நிஜத்துல கிடைக்காத பன்னியைக் கூடப் பொறந்தவரு கார்ட்டூன்ல வரைஞ்சு குடுத்திருக்காருன்னு தெரிஞ்ச பிறகு இந்த எபிசோடை என்னால பழைய மாதிரி பார்க்க முடியல.

பார்க்குறவங்க நடுவுல ஒரு பெரிய மனக்குறை உண்டு, எப்பப் பார்த்தாலும் டிப்பர்தான் விட்டுக் குடுக்குறான், மேபல் சுயநலம்னு. அந்தக் கோவத்துல கொஞ்சம் நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த ஒரு எபிசோடை மட்டும் எடுத்துக்கிட்டாலும் அவ தம்பிக்கு உதவத்தான் முதல்ல பன்னியை இழந்தாங்கறதை அவங்க மறந்துடறாங்க, அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனா எழுதினவங்களே அந்தக் கணக்கை மறக்கல. ரெண்டாவது சீசன்ல 2014-ல "சாக் ஆப்ரா"ன்னு ஒரு எபிசோடு, அதுல பில் சைஃபர்ங்கற பூதம் டிப்பர் உடம்புக்குள்ள பூந்துக்கிட்டு, மேபல் மாசக்கணக்கா இல்லைன்னாலும் உசுரைக் குடுத்துத் தயார் பண்ணின பொம்மலாட்டம் நடக்குறப்ப, தன் முட்டாள் தம்பிக்காக யாராவது இவ்ளோ உழைப்பையும் விட்டுக் குடுப்பாங்களாங்கற மாதிரி கேக்குது. மேபல் ரெண்டே வார்த்தைதான் சொல்றா, டிப்பர் குடுப்பான். சொல்லிட்டு மொத்த நாடகத்தையும் தன் கையாலயே கெடுத்துடறா. அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள கம்பமும் பந்தும் பன்னியும் மொத்தமும் இருக்கு, முதல் சீசன் பார்க்காதவங்களுக்கு அது சும்மா ஒரு பதில்.

டிப்பர் விட்டுக் குடுத்தது கடைசியில என்ன ஆச்சுன்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்ல. வெண்டியும் ராபியும் பின்னாடி பிரிஞ்சிடுறாங்க, டிப்பர் 2014-ல வந்த "இன்டு தி பங்கர்" எபிசோடுல மனசுல இருக்கறதைச் சொல்லிடறான், அவளுக்கு அது முன்னாடியே தெரியும், வயசு வித்தியாசம் இருக்கு, ஆனா நட்பு போகலன்னு முடியுது. அவன் கைவிட்டது எப்படியும் அவனுக்குக் கிடைச்சிருக்காத ஒண்ணு. மேபலுக்குக் கிடைச்சது தொடர் முடியற வரைக்கும் கூடவே இருந்துச்சு. அன்னைக்கு அவனுக்கு இது எதுவும் தெரியாது, அதனாலதான் அதுக்கு மதிப்பு.

இந்தப் பன்னி எபிசோடு தொடர்ல எவ்ளோ ஆழத்துல ஊன்றின விதைன்னு தெரியணும்னா மூணு வருஷம் காத்திருக்கணும். 2015-ல ஸ்டான் தாத்தாவுக்கே ஒரு ரெட்டை உண்டுன்னு தெரிய வருது, பேரு ஃபோர்டு. "எ டேல் ஆஃப் டூ ஸ்டான்ஸ்"ல அவங்க கதை வருது. பள்ளிக்கூடத்துல ஃபோர்டு அறிவியல் கண்காட்சிக்குச் செஞ்சு வச்ச மெஷினை ஸ்டான் கோவத்துல ஒரு தட்டு தட்ட, அது கெட்டுப்போய் ஃபோர்டுக்குக் கிடைக்க இருந்த பெரிய காலேஜ் போச்சு. அப்பா ஸ்டானை வீட்டை விட்டே அனுப்பிடறாரு. ஸ்டான் சொன்னது என்ன தெரியுமா, தெரியாம நடந்துச்சு. வேணும்னு பண்ணல. நிஜம்தான் அது, ஆனா யாரும் கேக்கல, அவங்ககிட்ட இழுத்து விடறதுக்கு டேப்பும் இல்ல. வருஷங்கள் கழிச்சு மறுபடி பார்க்குறப்ப ரெண்டு பேரும் ஒரு டைரியை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்குறாங்க, பிள்ளைங்க டேப்பை இழுத்த அதே மாதிரி, அந்தத் தள்ளுமுள்ளுல ஃபோர்டு வேற உலகத்துக்குப் போற வாசல்ல விழுந்துடறாரு. பிள்ளைங்க போனது சில நொடி, தாத்தாங்க போனது 30 வருஷம். அந்த 30 வருஷமும் ஸ்டான் நிலவறையில உட்கார்ந்து அந்த வாசலைத் திருப்பித் திறக்கப் பாடுபடறாரு, பேரப்பிள்ளைங்க மேல பொருட்காட்சியில ராட்டினம் சுத்திட்டு இருந்த அன்னைக்கும் கீழ அந்த வாசல் திறக்காமத்தான் கெடந்துச்சு.

தொடரோட கடைசி எபிசோடு 2016 பிப்ரவரி 15. லீவு முடிஞ்சு பிள்ளைங்க ஊருக்குக் கிளம்பறாங்க. பஸ் டிரைவரு பன்னியெல்லாம் ஏத்த முடியாதுங்கறாரு. அதுவரைக்கும் அந்தப் பன்னியை வீட்டுல வச்சுக்கறதுக்கே மூஞ்சி சுளிச்சுட்டு இருந்த ஸ்டான் தாத்தா முன்னாடி வர்றாரு, பக்கத்துல ஃபோர்டும் வந்து நிக்கிறாரு, ரெண்டு கிழவனும் சேர்ந்து டிரைவரை மிரட்டுற மிரட்டுல அந்தாளு வாயை மூடிக்கறாரு. வேடல்ஸ் படியேறி உள்ள போகுது, மேபல் பக்கத்துல.